வீடணன் பிரிந்த வேளை

எங்கள் எல்லைப்புறச் சிற்றூர்களில் ஒருவனை 'வீடணன்' என்றால் அது புகழ்மொழியன்று, வசைமொழி. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் பாட்டனாரையே ஊரார் அப்பெயரால் சுட்டியதுண்டு. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். நெறி கடந்து செல்லும் தலைவனை அவனைப் பின்பற்றுவோர் எவ்வேளையில் விட்டு நீங்குகின்றனர் என்னும் வினாவுக்குக் கம்பன் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடணனைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. ஆடி மாதம் வந்தால் எங்கள் அண்டை வீடுகளில் மலையாள அன்பர்கள் எழுத்தச்சனின் அத்யாத்ம இராமாயணத்தை ஓதுவர். அங்கே வீடணன் இறைவனை நாடிச் சென்ற பக்தன். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' (1946) அவனை இனத்தைக் காட்டிக்கொடுத்தவனாகக் காட்டும். இரு சாரார்க்கும் அவன் பிரிவு முன்னரே முடிவான ஒன்று. கம்பனோ அப்பிரிவைப் படிப்படியாக வளர்த்துச் செல்கிறான்.

இராவணன் மந்திரப் படலத்தைக் கூர்ந்து நோக்குவோம். கும்பகருணன் வீடணனுக்கு முன்பே எழுந்து தமையனை இடித்துரைக்கிறான். பிறன் மனைவியைச் சிறைவைத்துக்கொண்டு மானம் பேசுவது தகுமோ என்று அவையறியக் கேட்கிறான். கேட்டபின், இனி அவளை விடுவது எளிமையாகும், போரே வழி என்று தமையன் பக்கமே நிற்கிறான். மாரீசன் முன்பே எச்சரித்தான். மாலியவானும் அறிவுரை கூறுகிறான். நிகும்பலை வேள்வி சிதைந்தபின் இந்திரசித்தனே, அச்சத்தால் அன்று, அன்பால் சொல்கிறேன் என்று கூறிச் சீதைபால் வைத்த ஆசையை விடுமாறு தந்தையை வேண்டுகிறான். ஆக, குற்றத்தை உணர்ந்தோர் பலர். நீங்கியவர் வீடணனும் அவன் அமைச்சர் நால்வருமே. எனவே, தலைவனின் குற்றத்தை உணர்வது மட்டுமே பிரிவுக்குக் காரணமாவதில்லை என்பது தெளிவு.

பின் எது காரணம்? அனுமனைக் கொல்லுமாறு இராவணன் ஆணையிட்டபோது, தூதரைக் கொல்வது அறமன்று என வீடணன் தடுத்தான். இராவணனும் அதை ஏற்றான். தன் சொல் எடுபடும் என்னும் நம்பிக்கை அப்போது அவனுக்கு இருந்தது. சீதை சிறையிருந்த காலமெல்லாம் அவன் இலங்கையிலேயே இருந்ததன் காரணமும் இதுவே எனலாம். வான்மீகத்தில் இல்லாத இரணியன் கதையைக் கம்பன் அவன் வாயில் வைத்து விரிவாகப் பேசச் செய்கிறான். அறிவுறுத்தித் திருத்திவிடலாம் என நம்புகிறவன் அல்லனோ இத்துணை நீளமாகப் பேசுவான்! இராவணன் அக்கதையையே திருப்பி, தந்தையின் அழிவில் மகிழ்ந்த பிரகலாதனோடு அவனை ஒப்பிட்டு, கண்முன் நில்லாதே என விரட்டுகிறான். அதன் பின்னரே வீடணன் நீங்குகிறான். நீங்கும்போதும் வானில் நின்று ஒருமுறை அறிவுரை கூறுகிறான். தலைவன் தவறு செய்த நாளன்று, தவற்றைச் சொல்லும் வாயில் அடைபட்ட நாளே பிரிவு நாள் என்பது கம்பன் காட்டும் உண்மை.

எங்கள் மண்ணிலும் இது நிகழ்ந்தது. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று திவான் ஆட்சியின் அடக்குமுறையை எதிர்த்து நின்ற திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவர் பிரஜா சோசலிஸ்டு முதலமைச்சராக இருந்தபோது, 1954 ஆகஸ்டு 11 அன்று, தமிழர் கிளர்ச்சியின்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர், உயிர்கள் பலியாயின. அக்கட்சியின் பொதுச் செயலாளர் இராம் மனோகர் லோகியா, தம் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் எனச் சிறையிலிருந்தபடியே வற்புறுத்தினார். கட்சித் தலைமை இணங்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார். 1955 இறுதியில் தனிக்கட்சி கண்டார். அவரும் சொல்லிப் பார்த்த பின்னரே பிரிந்தார்.

1938இல் இளைஞராய்த் தாணுப்பிள்ளையின் பின் நின்றவர் என் பாட்டனார். 1954இல் கட்சியை விட்டு விலகினார். அதனால் பெற்ற பெயரே 'வீடணன்'. அவர் தம்பியோ, நடந்தது தவறே என்று வீட்டில் சொல்லிக்கொண்டு கட்சியிலேயே இருந்தார். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் இருவரும் ஒரே வளவில் வாழ்ந்தனர்.

வீடணனிடம் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பிரிவது வேறு, பிரிந்தபின் பழைய தலைவனின் வலிமையையும் மறைவையும் மாற்றானுக்கு உரைப்பது வேறு. முன்னதை அறம் எனலாம். பின்னதை ஏற்க என் உள்ளம் தயங்குகிறது. அவன் பெற்ற இலங்கை முடியும் அத்தயக்கத்தை மிகுவிக்கிறது. பாட்டனார் விலகினாரேயன்றி, வேறு கொடியின் கீழ்ச் சென்று பழைய தோழரைப் பழித்தாரல்லர்.

போர்க்களத்தில் தன்னை அழைக்க வந்த வீடணனோடு செல்லக் கும்பகருணன் மறுக்கிறான். வளர்த்தவனுக்கு உயிர்க்கடன் பட்டவன் அவன். ஆயினும் தம்பியைப் பழிக்கவில்லை. நீ வாழ்ந்து, மாண்டோர்க்கு நீர்க்கடன் செய் என வாழ்த்தி விடுக்கிறான். நின்றவனும் நீங்கியவனும் ஒருவரையொருவர் மதித்த அவ்விடமே யுத்த காண்டத்தின் சிகரம் என்பேன். எங்கள் வீட்டில் தம்பி மறைந்தபோது, ஈமச் சடங்குகளை முன்னின்று நடத்தியவர் பாட்டனாரே.

பெரியாரைத் துணைக்கோடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது ஏன்? இடித்துரைப்போர் உடனிருக்கும்வரை தலைவனுக்கு மீட்சி உண்டு. அவர்களை விரட்டிவிட்டு 'வீடணர்' என்று பழிப்பது, இராவணன் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும்.