சமூக வானொலியும் இடம்பெயர்ந்த மக்களும்: கொத்மலை அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

சமூக வானொலி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வாய்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன. மக்களால், மக்களுக்காக, மக்களைப் பற்றி என்பது அவ்வாய்பாடு. இதில் முதலாவதாக வரும் 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபே நமது அக்கறைக்குரியது. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்கிறோம். தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றும் சொல்கிறோம். முன்னது ஏவுதற் கருத்தா, பின்னது இயற்றுதற் கருத்தா என வகுப்பறையில் கற்பிக்கிறோம். கல்வெட்டில் யாருடைய பெயர் பொறிக்கப்படுகிறது என்பதை மாணவர் எவரும் கேட்பதில்லை. இடம்பெயர்ந்த மக்களின் வானொலியை மதிப்பிடப் புகும்போது இந்த இலக்கண வேறுபாடு ஓர் உடைமை வேறுபாடாகவே நமக்குத் தோன்றுகிறது.

இலங்கையின் சமூக வானொலி வரலாறு கண்டியைச் சூழ்ந்த மகாவலிப் பள்ளத்தாக்குகளோடு பிணைந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசு, முப்பது ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்டிருந்த மகாவலி வேலைகளை ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க முனைந்தது. பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா அணையும், சுவீடன் உதவியுடன் கொத்மலை அணையும் எழுந்தன. 1985இல் இரண்டும் திறந்துவைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் இருந்தது. கொத்மலையில் வயல்களும் வீடுகளும் விகாரைகளும் மூழ்கின. இன்றும் கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழ்கையில் கடதொர விகாரையின் எச்சங்கள் வெளித்தெரிய, படம் எடுக்கும் கூட்டம் அங்கே திரள்கிறது. அந்த ஊர்களிலிருந்து அகற்றப்பட்டோரை எவரும் அகதிகள் என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர் 'குடியேற்றவாசிகள்'. வெளியேற்றத்தைக் குடியேற்றம் எனப் பெயரிடுவது கருத்துநிலையின் எளிய, ஆயினும் ஆற்றல் மிக்க வேலையாகும்.

இம்மக்களை நோக்கியே 1981இல் மகாவலிச் சமூக வானொலி தொடங்கப்பட்டது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், மகாவலி அதிகார சபை, யுனெஸ்கோ, டென்மார்க்கின் உதவி நிறுவனமான டனிடா ஆகியன இதில் இணைந்திருந்தன. தயாரிப்பாளர் குழுவினர் குடியேற்றக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, மக்களோடு உண்டு, பேசி, பாட்டும் கதையும் நாடகமும் முறைப்பாடும் பதிவுசெய்தனர். 1986இல் கிராந்துருகோட்டையிலும் 1989இல் கொத்மலையிலும் சிறு ஒலிபரப்பு நிலையங்கள் அமைந்தன. இம்முயற்சியைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. கொழும்பின் கலையகத்திலிருந்து எழுத்து நடையில் வாசிக்கப்படும் அறிவித்தலையே வானொலி என்று அறிந்திருந்த விவசாயி, தன் பேச்சுமொழி அதே பெட்டியிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டான். தன் குரல் பொதுவில் ஒலிக்கத் தகுந்தது என ஒருவன் உணர்வது சிறிய செய்தியன்று. இவ்வனுபவத்தை நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்து எழுதிய எம்.ஜே.ஆர். டேவிட் போன்றோரின் பதிவுகள் நமது இதழியல் மாணவர் படிக்கவேண்டியவை.

ஆனால் இடம்பெயர்த்த அமைப்பே, இடம்பெயர்ந்தோரின் வானொலிக்குப் பங்காளியாகவும் இருந்தது. வாய்க்காலில் ஏன் நீர் வரவில்லை என்று கேட்க அவ்வானொலியில் இடமிருக்கலாம். இந்த ஊர் ஏன் மூழ்கியது, மின்சாரம் யாருடைய ஆலைக்குப் போகிறது என்ற வினாக்கள் அதன் அமைப்பு முறையினாலேயே வெளியில் நின்றன என்பது நமது கணிப்பு. தணிக்கை அதிகாரி ஒருவர் அதற்குத் தேவைப்படவில்லை. 1932இல் பிரெக்ட் வானொலி பற்றிப் பேசுகையில், அது விநியோகிக்கும் கருவியாக மட்டும் இருப்பதை மாற்றி, கேட்பவனையும் பேசவைக்கும் தொடர்புக் கருவியாக்க வேண்டும் என்றார். கொத்மலை அக்கூற்றின் முதற்பாதியை நிறைவேற்றியது. கேட்பவன் பேசினான். பிரெக்டின் இரண்டாம் பாதி, அதாவது இத்தகைய மாற்றம் நிலவும் சமூக ஒழுங்கினுள் எளிதில் நிறைவேறாது என்னும் எச்சரிக்கை, அபிவிருத்தித் தொடர்பாடல் நூல்களில் எடுத்தாளப்படுவது அரிது. அலைவரிசை, அனுமதி, ஊழியர் சம்பளம் அனைத்தும் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தன. மக்கள் இயற்றுதற் கருத்தா; ஏவுதற் கருத்தா அரசு.

இதே பள்ளத்தாக்குகளில், இதே ஆண்டுகளில், மற்றோர் இடப்பெயர்வும் நிகழ்ந்தது. 1948இல் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இணங்கியது. கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காக வரிசைகள் நின்றன. 1984 வரை தலைமன்னாரிலிருந்து கப்பல்கள் இராமேஸ்வரம் சென்றன. 1970களின் காணிச் சீர்திருத்தத்தின்போது கம்பளை, புசல்லாவைப் பகுதிகளில் தொழிலாளர் பலர் லயங்களிலிருந்து விரட்டப்பட்டனர். துரித மகாவலியின் அதே 1977இல், ஆகஸ்ட் மாத வன்செயல்களின் பின் மலையகக் குடும்பங்கள் வவுனியாவை நோக்கி நடந்தன. 1981இலும் 1983இலும் அது தொடர்ந்தது. அணையால் நிலமிழந்த கொத்மலைக் குடும்பங்களுள் ஒரு பகுதியினருக்கு அண்மையிலிருந்த தேயிலைத் தோட்டக் காணிகளே பகிர்ந்தளிக்கப்பட்டன என்பதையும் இங்கு மனங்கொள்ள வேண்டும். ஒரு வறியவனின் இழப்புக்கு மற்றொரு வறியவனின் உழைப்புக் களம் ஈடாயிற்று. இவ்விரு சாராரும் ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? சமூக வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி இருந்திருக்க முடியாது.

அது நிகழவில்லை. கொத்மலை ஒலிபரப்பின் பெரும்பகுதி சிங்களத்திலேயே அமைந்தது. 'சமூகம்' என்பது நீர்ப்பாசனத் திட்டத்தின் எல்லைக்கோட்டால் வரையறுக்கப்பட்டபோது, அதே மலையில் கொழுந்து கொய்தவள் அச்சமூகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டாள். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ ஆதரவுடன் இணையமும் வானொலியும் இணைக்கப்பட்டன. நேயர் கேட்கும் செய்தியைக் கலையகத்திலிருப்போர் இணையத்தில் தேடி வானொலியில் விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் இணைய வசதி நிறுவப்பட்டது. உலகெங்குமிருந்து ஆய்வாளர் வந்து பார்த்துச் சென்றனர். நாவலப்பிட்டி நூலகத்திலிருந்து பார்வைக்கு எட்டும் தொலைவிலேயே தோட்டங்கள் தொடங்குகின்றன. உலகத்தோடு தொடர்பு ஏற்பட்டது. லயத்தோடான தொடர்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

தோட்ட மக்களிடம் ஒலிபரப்பு நிலையம் இல்லை, ஒலி இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அதற்குச் சான்று. கங்காணியை ஏசும் பாட்டும், பிரிவைச் சொல்லும் ஒப்பாரியும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், சாவுக்கும் திருவிழாவுக்கும் வேலை நிறுத்தத்துக்கும் ஒலித்த தப்பும் அம்மக்களின் தொடர்புச் சாதனங்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் அவற்றைத் தம்மோடு கொண்டு சென்றனர். அங்கேயும் அவர்களுக்கு அகதி என்ற பெயர் கிடைக்கவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்றது அரசு, 'சிலோன்காரர்' என்றது ஊர். நாட்டார் இலக்கியம் எனச் சேகரித்து அடுக்கும் நம் துறையினர் இப்பாடல்களை அழியும் மரபாகவே காண்பர். நாமோ அவற்றை, உரிமம் மறுக்கப்பட்ட ஓர் ஒலிபரப்பாகக் காண விரும்புகிறோம். 1990களின் தொடக்கம் வரை இந்நாட்டில் வானொலி அரசின் தனியுரிமையாக இருந்தமையை மறந்து இதனைப் பேச முடியாது.

வேறு வழிகள் இருந்திருக்க முடியாது என்று கொள்வதற்கில்லை. பொலிவியாவில் தகரச் சுரங்கத் தொழிலாளர் 1940களின் பிற்பகுதியிலிருந்து தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தொழிற்சங்க வானொலிகளை நடத்தினர். 1980இன் இராணுவச் சதியின்போது அந்நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து எதிர்ப்பை ஒலிபரப்பின. அங்கே ஏவியவனும் இயற்றியவனும் ஒருவனே. 2017இன் பெரும் வெளியேற்றத்தின் பின் வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜாரில் ரோஹிங்ய இளைஞரும் உள்ளூர் இளைஞரும் சேர்ந்து நிகழ்ச்சிகளைத் தயாரித்தனர். அவை உள்ளூர்ச் சமூக வானொலியான ரேடியோ நாஃபில் ஒலித்தன. உரிமம் அகதிகளுடையதன்று, ஆயினும் வந்தவரும் இருந்தவரும் ஒரே ஒலிவாங்கியைப் பகிர்ந்தனர். கொத்மலையில் தவறிப்போனது துல்லியமாக இதுவே. 1997இல் இலண்டனில் எழுந்த ஐ.பி.சி. போன்ற புலம்பெயர் தமிழ் வானொலிகளை எடுத்துக்காட்டி இவ்விடத்தில் நண்பர் சிலர் நம்மை மறுப்பர். அவை அகதிகளாய்ச் சென்றோரை நோக்கியவை என்பது உண்மை. ஆனால் விமானச் சீட்டு வாங்க முடிந்த அகதிக்கும் வவுனியாவுக்கு நடந்து சென்ற அகதிக்கும் இடையிலான தூரத்தை 'தமிழர்' என்னும் ஒரு சொல்லால் கடந்துவிட முடியாது.

அல்ஜீரிய வானொலி பற்றி 1959இல் எழுதிய ஃபனான், ஆட்சியாளரின் குரலாக இருந்தவரை வானொலிப் பெட்டியை வாங்க மறுத்த மக்கள், விடுதலைப் போராட்டத்தின் ஒலிபரப்பு தொடங்கியதும் கடைகளில் இருந்த பெட்டிகளையெல்லாம் வாங்கித் தீர்த்ததைக் காட்டுகிறார். ஒலிபரப்பு குழப்பப்பட்டபோது கேளாத பகுதியைக் கேட்டவர்களே கூடியிருந்து இட்டு நிரப்பினர். கேட்பதும் ஓர் ஆக்கச் செயல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நாம் அறியோம். மலையகத்தில் வானொலியை இவ்வாறு கேட்ட மக்கள் இன்னமும் இருக்கிறார்கள். பேராதனையிலிருந்து கம்பளை வழியாகப் புசல்லாவைக்கு ஏறும் பேருந்தில் ஒரு மணிநேரம் அமர்ந்தால் அவர்களைச் சந்திக்கலாம். எந்தப் பாட்டுக்கு எந்தத் தோட்டத்தின் பெயர் வாசிக்கப்பட்டது, தம் பெயர் எப்போது விடுபட்டது என்பதை முதியவர் பலர் நினைவிலிருந்தே சொல்கின்றனர். அவற்றை ஒலிப்பதிவு செய்யும் பணியை நமது துறை இனியும் ஒத்திப்போடலாகாது. பதிவுகளை எங்கே வைப்பது, யாருடைய பெயரில் வைப்பது என்பதைத் தோட்டத்திலிருப்போரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.