வேலைக்காரியின் பெயர்

18 வயதை எட்டவிருந்த ஈடா பவரை 1900இல் ஃபிராய்டிடம் அனுப்பியவர் அவள் அப்பா. அவருக்குத் தொடர்பிருந்த பெண்ணின் கணவன் தன்னிடம் அத்துமீறினான் என்று அவள் சொன்னதை அப்பா நம்பவில்லை, ஃபிராய்ட் நம்பினார். அந்தப் பெருமை அவருக்குரியதே. ஆனால், நீ அவனை உள்ளூர விரும்பினாய் என்றார். அவளுடைய 'இல்லை'யை உள்மனத்தின் 'ஆம்' என்றே எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 31 அன்று, இனி வரமாட்டேன் என்றாள். எப்போது முடிவெடுத்தாய்? பதினான்கு நாளாயிற்று. வேலைக்காரி முன்னறிவிப்பு கொடுப்பதுபோல் இருக்கிறது என்றார். 1905இல் அச்சான ஆய்வில் அவளுக்கு இட்ட பெயர் 'டோரா'. அது அவருடைய சகோதரி வீட்டுப் பணிப்பெண்ணுக்கு, எஜமானியின் பெயரே இருந்ததால், மாற்றி வைத்த பெயர்!

பிறர்மேல் கொண்ட உணர்வுகளை அவள் தன்மேல் ஏற்றியதைக் கவனிக்கத் தவறினேன் என்று ஃபிராய்ட் பின்னால் எழுதினார். அங்கும் அவள் வெளியேறியது பழிவாங்கல்தான். யோசித்தெடுத்த முடிவாக அதை அவரால் வாசிக்க முடியவில்லை.