வேட்பாளர் என்கிற பிரதி: திண்டுக்கல் 1973ஐ மறுபடி வாசித்தல்

ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் ஒரு பெரியவரிடம் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலைப் பற்றிக் கேட்டேன். மாயத்தேவர் என்ன சொல்லிங்க ஓட்டுக் கேட்டாரு? 'அவரு என்னத்தச் சொன்னாரு தம்பி, எல்லாம் எம்ஜிஆரு சொன்னாரு. நமக்கு அங்க ஓட்டே கெடையாது, நாம பழனித் தொகுதி. கூட்டம் பாக்கத்தான் போனோம்.' ஓட்டே இல்லாத ஒரு தேர்தல் அவருக்கு ஐம்பது வருஷமாக ஞாபகத்தில் இருக்கிறது. ஓட்டுப் போட்ட தேர்தல்களில் நின்றவர் பெயர் ஒன்றிரண்டைத் தவிர வரவில்லை. வேட்பாளர் என்பவரை எப்படி வாசிப்பது என்கிற கேள்வி எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

நடந்தது இது. 1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்ஜிஆர் அதே மாதம் 17ஆம் தேதி அண்ணா திமுகவைத் தொடங்குகிறார். திமுக எம்பி ராஜாங்கம் இறந்ததால் திண்டுக்கல்லுக்கு இடைத்தேர்தல், 1973 மே 20. (திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டம், தனி மாவட்டமானது 1985இல்.) வேட்பாளர் கே. மாயத்தேவர், வக்கீல். சின்னம் இரட்டை இலை. புதுக்கட்சிக்கு என்று சின்னம் ஏது, கொடுத்த பட்டியலில் இருந்து பொறுக்கிக்கொண்டதுதான். ஓட்டுப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்னால், மே 11ஆம் தேதி, 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாகிறது. லட்சத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசத்தில் மாயத்தேவர் ஜெயித்தார். ஸ்தாபன காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாவது. ஆளுங்கட்சியான திமுக மூன்றாவது.

இதை நம் ஆட்கள் இரண்டு விதமாக வாசித்துவந்திருக்கிறார்கள். ஒன்று பிம்ப வாசிப்பு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் 'தி இமேஜ் ட்ராப்' எழுதிய பிறகு அது நமக்கு மிகவும் வசதியாகிவிட்டது. எம்ஜிஆரின் கொள்கைகள் ஏழைகளுக்கு எதிராக இருந்தும் ஏழைகள் ஏன் அவரை ஏற்றார்கள் என்கிற பாண்டியனின் கேள்வி கனமானது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, 'சினிமாவைப் பார்த்து மயங்கி ஓட்டுப் போட்டான்' என்கிற பதிலை மட்டும் நாம் தூக்கிக்கொண்டோம். இன்னொன்று சாதிக் கணக்கு. வேட்பாளர் பெயரிலேயே சாதி இருக்கிறது, தொகுதியில் அந்தச் சாதிக்காரர்கள் கணிசம், ஆக முடிவு தெரிந்ததுதானே என்பது. முதல் வாசிப்பில் வேட்பாளர் ஒரு வெற்றிடம். இரண்டாவதில் அவர் ஒரு எண்ணிக்கை. இரண்டிலுமே வாக்காளர் யோசிக்கிற ஆள் இல்லை.

1980 இந்த இரண்டையும் சங்கடப்படுத்துகிறது. 1977இல் இரட்டை இலையிலேயே மறுபடி ஜெயித்த மாயத்தேவர், 1980இல் அதே திண்டுக்கல்லில் திமுக வேட்பாளராக நிற்கிறார். இரட்டை இலையை முதன்முதலில் ஏந்தியவர் உதயசூரியனுக்கு ஓட்டுக் கேட்கிறார், ஜெயிக்கவும் செய்கிறார். சின்னமும் பிம்பமும்தான் எல்லாம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. சாதிதான் என்பீர்களா? அந்தத் தேர்தலில் திமுக–இந்திரா காங்கிரஸ் கூட்டணி மாநிலம் பூராவும் வாரிக்கொண்டு போனது, அண்ணா திமுகவுக்கு மிஞ்சியது இரண்டே தொகுதி. எல்லாத் தொகுதியிலும் ஒரே சாதியா இருந்தது? அவசர நிலைக்கும் ஜனதா ஆட்சிக்கும் பிறகு டெல்லியில் யார் என்று ஜனங்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்கு அரசியல் என்று பெயர் வைக்க நமக்கு ஏன் கூச்சம்?

கொள்கைக்கு வருவோம். அண்ணா திமுகவின் கொள்கை 'அண்ணாயிசம்'. முதலாளித்துவம், சோஷலிசம், கம்யூனிசம் மூன்றிலும் நல்லதை எடுத்துச் சேர்த்தது என்று விளக்கம் தரப்பட்டது. இதைக் கிண்டலடித்துத் தீர்ந்துவிட்டது. ஆனால் 1973இல் மேடையில் வேலை செய்தது அண்ணாயிசமா? இல்லை, 'கணக்குக் காட்டு' என்கிற ஒற்றை வாக்கியம். கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்குக் காட்டவேண்டும் என்று கேட்டதால்தான் எம்ஜிஆர் வெளியே போகவேண்டி வந்தது. கணக்கு கேட்பது கொள்கை இல்லையா? அதைக் கேட்டவர்களும் பிற்பாடு கணக்குக் காட்டவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னும் ஒரு வேடிக்கை. வாக்காளர் கேட்டால் தன் கணக்கைக் காட்டவேண்டிய கட்டாயம் அன்று எந்த வேட்பாளருக்கும் கிடையாது. சொத்து, கடன், படிப்பு, வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று ஆனது 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகுதான். இன்று படிவம் 26 யாருக்கும் கிடைக்கிறது. வேட்பாளரின் 'பின்னணி' என்பது இப்போது ஓர் அரசாங்கக் காகிதம். நான் சிலதை உட்கார்ந்து படித்திருக்கிறேன். நகை எத்தனை பவுன் என்று இருக்கிறது. கூலி பற்றி, நிலம் பற்றி, தனித்தொகுதி பற்றி அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

தனித்தொகுதி என்றதும் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லவேண்டும். 2008 தொகுதி மறுவரையறையில் பழனி நாடாளுமன்றத் தொகுதி இல்லாமல் போனது. ஆயக்குடி திண்டுக்கல்லோடு சேர்ந்தது. அதே மறுவரையறையில் பழனி சட்டமன்றத் தொகுதி தலித்துகளுக்கான தனித்தொகுதி என்கிற நிலையையும் இழந்தது. முதல் மாற்றத்தைப் பற்றி டீக்கடையில் பேச்சு நடந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. சாதிக் கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரர்களான நாம் இந்தக் கணக்கை மட்டும் போடாமல் விட்டோம். 2009இல் நாங்கள் முதன்முதலாகத் திண்டுக்கல்லுக்கு ஓட்டுப் போட்டபோது ஜெயித்தவர் என்.எஸ்.வி. சித்தன், காங்கிரஸ். 1973இல் தோற்ற அதே சித்தன். பெரியவரிடம் சொன்னேன். 'அட, அவரா இவரு!' என்றார்.

2019இல் அண்ணா திமுக இந்தத் தொகுதியைப் பாமகவுக்குக் கொடுத்துவிட்டது. இரட்டை இலை முளைத்த தொகுதியிலேயே இயந்திரத்தில் இரட்டை இலை இல்லை. 2024இல் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம் நாலு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் பாஜக கூட்டணியில் பாமக சார்பில் நின்றவர் கவிஞர் திலகபாமா. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதில் ஒரு வேலை இருந்தது. ஒரு கவிஞர் வேட்பாளரானால் அவருடைய கவிதையையும் அவர் நிற்கும் கூட்டணியையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும். அதைச் செய்யாமல், 'நம்ம ஆளு' என்று ஒரு பக்கமும் 'போயும் போயும் அங்கேயா' என்று இன்னொரு பக்கமும் முடித்துக்கொண்டோம். ரசிகர் மன்றத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒன்று சொன்னார். 'ஒவ்வொரு எலக்சனுக்கும் கொய்யா ஜூஸ் ஃபேக்டரின்னு சொல்றாங்க தம்பி. வெல விழுந்தா பெட்டி சொமந்த கூலிக்குக்கூடத் தேறாது, ரோட்டோரம் கொட்டிட்டுப் போறோம். யாரு சொன்னது, எந்த வருசம் சொன்னதுன்னு நீ எழுதி வச்சிருக்கியா?' இல்லை என்றேன். 'அப்பறம் என்னத்தப் படிச்ச?'

இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் 2009 என்று எழுதி, அந்த வருஷத்து நோட்டீஸ் யாரிடமாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.