குளம்பு வீடியோக்கள் காட்டுவதும் காட்டாததும்

யூட்யூபில் நாலு நாள் தொடர்ந்து ஷார்ட்ஸ் தள்ளிக்கிட்டே போனால், மாட்டுக் குளம்பு சீவும் வீடியோ ஒன்றாவது கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். இரும்புக் கூண்டுக்குள் ஒரு கறவை மாடு. பின்னங்காலைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். கிரைண்டர் சுற்றும், சாணி அப்பிய கறுப்புக் குளம்பு வெள்ளையாகும். அந்த வெள்ளையில் ஒரு சின்னக் கரும்புள்ளி. கத்தி அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்து உள்ளே போகும், திடீரென்று சீழ் பீறிடும். பக்கத்துக் குளம்பில் ஒரு கட்டையை ஒட்டுவார்கள். கூண்டு திறக்கும், மாடு நடந்து போகும். கமெண்ட்டில் ஆயிரம் பேர் "பார்க்கவே அவ்வளவு திருப்தி" என்று எழுதியிருப்பார்கள்.

இதை ஒரு தனி வகைமையாகவே எடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். சினிமாவுக்கு விமர்சனம் இருக்கு, நாவலுக்கு இருக்கு. லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் இந்த வீடியோக்களுக்கு ஏன் இருக்கக்கூடாது?

இந்த வகையில் பெயர் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் வேலை செய்யும் கிரேம் பார்க்கர், 'தி ஹூஃப் ஜிபி' என்ற சேனல் நடத்துகிறார். பிரிட்டனில் ஜிபி என்றால் குடும்ப டாக்டர், பெயரிலேயே ஒரு விளையாட்டு. இன்னொருவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த நேட் ரனல்லோ, 'நேட் தி ஹூஃப் கை'. இருவரும் கைத்தொழில் தெரிந்தவர்கள். எந்த இடத்தில் வெட்டுகிறோம், ஏன் அங்கே நிறுத்துகிறோம் என்று பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். பால் பாக்கெட்டைத் தவிர மாட்டோடு வேறு உறவே இல்லாத ஒரு நகரத்து ஆள், 'வெள்ளைக் கோட்டு நோய்', 'உள்ளங்குளம்புப் புண்' என்றெல்லாம் பிரித்துப் பேசுகிற அளவுக்குத் தேறியிருக்கிறார் என்றால் அது இவர்கள் செய்த வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் விமர்சனம் ஆட்கள் மேல் இல்லை, வடிவத்தின் மேல். கால் தூக்கப்பட்ட நொடியில்தான் இந்த வீடியோவுக்கு உயிர் வருகிறது. ஆனால் மாட்டின் கதை அதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது.

அது எப்படி? மாட்டின் ஒவ்வொரு காலிலும் இரண்டு குளம்புகள், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. வெளியே தெரிகிற கெட்டியான ஓடு நம் நகம் மாதிரி, அதற்கு உணர்ச்சி கிடையாது. ஓட்டுக்கு உள்ளே உயிருள்ள சதை இருக்கிறது, ஓட்டை உற்பத்தி செய்வதே அதுதான். அதற்கு மேலே குளம்பு எலும்பு. எலும்புக்கும் சதைக்கும் நடுவில் குதிகால் பக்கம் கொழுப்பால் ஆன ஒரு மெத்தை. மாட்டின் எடை எலும்பு வழியாக இறங்கும்போது அதைத் தாங்குவது இந்த மெத்தைதான்.

கன்று ஈனும் சமயத்தில் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் திசுக்கள் தளர்கின்றன. எலும்பு கொஞ்சம் கீழே இறங்கும். ஈன்ற பிறகு பால் உச்சத்துக்குப் போகும்போது மாடு மெலியும். மெலிந்த மாட்டுக்குக் குளம்பின் மெத்தையும் மெலிந்திருக்கிறது என்று அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில் அந்த மாட்டைப் பல மணி நேரம் கான்கிரீட் தரையில் நிற்க வைத்தால், மேலே எலும்பு, கீழே கான்கிரீட், நடுவில் சதை. நசுங்கத்தான் செய்யும். பின்னங்காலின் வெளிக்குளம்பில் பாரம் அதிகம் விழுவதால் பெரும்பாலும் அங்கேதான் இது நடக்கிறது.

நசுங்கிய சதை அன்றைக்கே புண்ணாக வெளியே தெரியாது. ஓடு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளே பட்ட காயம் அடிப்பக்கம் வந்து சேர இரண்டு மாதம் போல ஆகிவிடும். கத்தி தொடுகிற அந்தக் கரும்புள்ளி, இரண்டு மாதம் முன்பு அந்த மாடு எங்கே நின்றது, எவ்வளவு நேரம் படுக்க முடியாமல் நின்றது என்பதன் பதிவு. வீடியோவில் நாம் பார்ப்பது அந்தப் பதிவை அழிக்கும் காட்சி. எழுதிய கை ஃபிரேமுக்கு வெளியே இருக்கிறது.

இங்கே ஒரு பழைய புத்தகத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெதர்லாந்தின் கால்நடை மருத்துவர் டூசான் ராவன் எழுதிய குளம்புப் பராமரிப்புக் கையேடு 1985-ல் ஆங்கிலத்தில் வந்தது. 'டச்சு முறை' என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் ஐந்து படிகள் அவருடையவை. முதல் படி, பின்னங்காலின் உள்குளம்பை முன்பக்கம் 7.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுவது. இரண்டாவது, வெளிக்குளம்பை அதற்குச் சமமாகக் கொண்டுவருவது. மூன்றாவது, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குழிவாக்குவது. நான்காவது படியில்தான் நோயுள்ள குளம்பின் பாரத்தைக் குறைப்பது வருகிறது. ஐந்தாவது, பிரிந்து நிற்கும் ஓட்டை எடுப்பது.

கவனிச்சீங்களா? முதல் மூன்று படிகளில் புண் என்ற பேச்சே இல்லை. அதுவும் தொடங்குவது பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கிற உள்குளம்பில். நல்ல குளம்பை அளவாக வைத்து, அதற்கு ஏற்ப மற்றதைச் சரி செய்து, பாரத்தை இரண்டுக்கும் பங்கு போடுவதுதான் நோக்கம். இந்த வீடியோக்களைச் செய்பவர்களும் இந்த வரிசையைத் தெரிந்தவர்கள்தான், வேலையிலும் அது இருக்கிறது. ஆனால் எடிட்டிங்கில் முதல் மூன்று படிகள் முன்னுரை ஆகிவிடுகின்றன, ஐந்தாவது படி கிளைமாக்ஸ் ஆகிவிடுகிறது. பார்க்கிறவர் மனதில் 'குளம்பு வைத்தியம் என்றால் தோண்டி எடுப்பது' என்று பதிகிறது.

அந்தப் புத்தகமும் வேதம் இல்லை. இன்றைய பெரிய ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு 7.5 சென்டிமீட்டர் குட்டை, 9 வரைக்கும் விட வேண்டியிருக்கும் என்று பின்னால் அளந்து காட்டினார்கள். ஆனால் புத்தகத்தைத் திருத்த முடிந்ததற்குக் காரணமே அது ஒரு அளவைச் சொன்னதுதான். 'திருப்தி'யை எப்படித் திருத்துவது?

அடுத்தது, எந்த நோய்க்கு நட்சத்திர அந்தஸ்து கிடைக்கிறது என்பது. ஓட்டின் சுவரும் அடியும் சேருமிடம் வெள்ளைக் கோடு. அதில் கல் புகுந்து சீழ் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும், திறந்தால் பீறிடும். கேமராவுக்கென்றே செய்த நோய் மாதிரி. குதிகால் தோலில் வரும் தொற்றுப் புண் அப்படி இல்லை. 1974-ல் இத்தாலியில் செலி, மோர்டெல்லாரோ என்ற இருவர் முதலில் எழுதிய நோய் அது. டிரெபோனீமா வகைக் கிருமிகள் காரணம். தோண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு மாட்டுக்கு மருந்து வைத்துக் கட்டலாம், ஆனால் கொட்டகைத் தரையில் சாணிக் குழம்பு தேங்கி நிற்கும் வரை அடுத்த மாட்டுக்கு வரும், அதற்கடுத்த மாட்டுக்கும் வரும்.

அதற்காகத்தான் பண்ணைகளில் கால்குளியல் தொட்டி வைக்கிறார்கள். மயில்துத்தம் கரைத்த தண்ணீர், இல்லாவிட்டால் பார்மலின். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் தொட்டியிலிருந்து சாணிக்குப் போய், சாணியோடு வயலுக்குப் போய், மண்ணிலேயே தங்கிவிடும். பார்மலின் ஆவி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. ஆக, தடுப்புக்கும் ஒரு விலை இருக்கு. எந்த விலையைக் கொடுப்பது என்பது உண்மையிலேயே சுவாரசியமான விவாதம். ஒரு காலும் ஒரு கத்தியும் மட்டும் கொண்ட சட்டத்துக்குள் அந்த விவாதம் நுழையவே முடியாது.

வலிக்கு வருவோம். 'மாடு அசையாம நிக்குதே, வலிக்கலை போல' என்பது அடிக்கடி வரும் கமெண்ட். மாடு வேட்டையாடப்பட்ட இனத்தின் வாரிசு, வலியை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் சுபாவம். 2015-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குளம்பு சீவுவது மட்டும். ஒன்றுக்குச் சீவிக் கட்டை ஒட்டுவது. ஒன்றுக்குச் சீவி மூன்று நாள் வலி-வீக்க மருந்து. கடைசிக் குழுவுக்கு மூன்றும். ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது, சீவல் மட்டும் நடந்த குழுவில் சுமார் நாலில் ஒரு மாடுதான் முழுசாக நன்றாக நடந்தது. மூன்றும் கிடைத்த குழுவில் பாதிக்கு மேல்.

இந்த மூன்றில் வீடியோவில் நன்றாகத் தெரிபவை சீவலும் கட்டையும். ஊசி மருந்து பிரிட்டனில் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் கிடைக்கும், குளம்பு சீவுபவர் கையில் அது இல்லை. அதனால் அது காட்சியிலும் பெரும்பாலும் இல்லை. கூண்டு திறந்து மாடு வெளியேறும் கடைசி ஷாட் 'குணமாகிவிட்டது' என்று நம்ப வைக்கிறது. குணமானதா என்று தெரிய ஐந்து வாரம் ஆகும். சில வீடியோக்களில் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் இந்த வகைமை அதில் நிற்கவில்லை. நீண்ட நாள் நொண்டிய மாடுகளில் இதே சிகிச்சையெல்லாம் செய்தும் தேறியவை ரொம்பக் குறைவு என்று அதே குழு அடுத்த ஆண்டு சொன்னது. சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

அந்தச் சீக்கிரம்தான் யாருக்கும் வரவில்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 53 பால் பண்ணைகளுக்குப் போனார்கள். உங்கள் மாடுகளில் எத்தனை நொண்டுகின்றன என்று கேட்டால், நூற்றுக்கு 6 போல என்றார்கள் பண்ணைக்காரர்கள். ஆய்வாளர்கள் நடக்கவிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு 22. பண்ணைக்காரர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற நடை, பழகிப்போய் அதுவே சாதாரண நடை ஆகிவிடுகிறது.

நடையைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 1997-ல் ஸ்ப்ரெச்சர் குழு வெளியிட்ட ஐந்து மதிப்பெண் அளவுகோல். அதன் சாரம் முதுகில் இருக்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் 1. நிற்கும்போது நேர், நடக்கும்போது மட்டும் வளைந்தால் 2. இரண்டிலும் வளைந்து, அடி குறுகினால் 3. அதற்கு மேல், யார் பார்த்தாலும் தெரிகிற நொண்டல். காசு செலவில்லை, கருவி வேண்டாம். நம் கண்ணைப் பழக்க வேண்டியது அந்த 2-ல்தான். இந்த வீடியோக்கள் பழக்கிவிடுவது 5-ஐப் பார்த்து ரசிக்க.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் குளம்புக்கு வைத்தியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது லாடம். அது வண்டி மாட்டுக்கு, தார் ரோட்டில் குளம்பு தேயாமல் இருக்க. கொட்டகையில் கட்டிக்கிடக்கும் கலப்பினக் கறவைக்குப் பிரச்சினை நேர் எதிர். நடையே இல்லாததால் தேயாமல் குளம்பு நீண்டு வளைகிறது, ஈரச் சிமெண்டில் ஊறி மிருதுவாகிறது. அதற்கு லாடமும் வேண்டாம், ஸ்காட்லாந்து கிரைண்டரும் வேண்டாம். சாணி மூத்திரம் தேங்காத சரிவு, படுக்க ஒரு ரப்பர் விரிப்போ மண் தரையோ, தினம் கொஞ்சம் அவிழ்த்துவிட்டு நடை, நீண்ட குளம்பைச் சீவத் தெரிந்த ஆள். வீடியோ பார்த்துவிட்டு நாமே கிரைண்டர் எடுப்பது ஆபத்து. கட்டைவிரலால் அழுத்தினால் அடி ஓடு அமுங்குகிறது என்றால் ஏற்கெனவே போதுமான அளவு வெட்டியாயிற்று, அந்த உணர்வு திரையில் வராது. இன்னொன்று, பல மாடுகள் ஒரே நேரத்தில் காய்ச்சலோடு எச்சில் ஒழுகி நொண்டினால் அது கோமாரியாக இருக்கலாம். கத்தியை ஓரம் வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும்.

நல்ல குளம்பு வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் எளிது. முதல் இரண்டு நிமிடம் மாடு நடக்கட்டும், பக்கவாட்டில், முதுகு முழுசாகத் தெரிகிற மாதிரி. பிறகு அது நிற்கும் தரையையும் படுக்கும் இடத்தையும் காட்டட்டும், கன்று போட்டு எத்தனை நாள் என்று சொல்லட்டும். சீவல் எப்போதும் போல நடக்கட்டும். ஐந்து வாரம் கழித்து அதே மாடு, அதே பாதையில் மறுபடி ஒரு முறை நடக்கட்டும். சீழ் பீறிடும் அந்த நொடியை வெட்டி எறிய வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதைப் பார்த்து "அப்பாடா" என்று வருகிற மூச்சு, "இது இவ்வளவு நாள் யார் கண்ணுக்கும் படலையா?" என்ற கேள்வியாக மாறினால், அந்த வீடியோ மாட்டுக்கு ஏதோ செய்திருக்கிறது.