நீதிமன்றம் தள்ளியதைத் திரை ஏற்றது

2023 ஒக்டோபர் 16 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் நிதாரி கொலை வழக்குகளில் தீர்ப்பளித்தது. வீட்டு வேலைக்காரர் சுரேந்தர் கோலி 12 வழக்குகளிலிருந்தும், அவருடைய முதலாளி மோனிந்தர் சிங் பாந்தர் 2 வழக்குகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டனர். பதினொரு மாதம் கழித்து, 2024 செப்டெம்பர் 13 அன்று, அந்தச் சம்பவங்களைத் தழுவிய ‘செக்டர் 36’ என்ற இந்திப் படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. ஆதித்ய நிம்பால்கர் இயக்கியது. பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, கதை மாறவில்லை. தொலைக்காட்சியில் வினாடி வினா பார்த்து ரசித்துவிட்டு எழுந்துபோய் உடலை வெட்டுகிறான் வேலைக்காரன் பிரேம். கொலையாளி யார் என்பதில் பார்ப்பவருக்கு எள்ளளவும் ஐயம் எழ இடமில்லை.

உண்மையில் நடந்த குழந்தைக் கொலைகளைப் படமாக்குவதே தவறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. செய்தி ஒரு கிழமையில் மங்கிவிடும், படம் நிற்கும். டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, 2021 ஜூலையில் தீக்காயங்களோடு இறந்துபோன மலையகச் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் முழுதும் ஆர்ப்பாட்டமும் அறிக்கையுமாக இருந்த நாட்டில், இன்று அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியிருக்கிறது. நல்ல படமொன்று வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

‘செக்டர் 36’ இன் முதற்பாதி அப்படிப்பட்ட வேலையைத்தான் செய்கிறது, அதுவும் நன்றாக. டெல்லிக்குப் பக்கத்து நொய்டாவில், பணக்காரர் குடியிருக்கும் செக்டர் 31ஐ ஒட்டிக் கிடப்பது நிதாரி. வெளியூர்களிலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இடம். 2005 முதல் அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் பொலிஸுக்குப் போனால், யாரோடாவது ஓடிப்போயிருக்கும் என்ற பதிலே கிடைத்தது. 2006 டிசம்பர் கடைசியில், பாந்தரின் டி-5 என்ற வீட்டின் பின்புறச் சாக்கடையில் மண்டையோடுகள் வெளிப்பட்டபோதும், கிளறத் தொடங்கியவர்கள் ஊர்மக்களே. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே நொய்டாவில் பெரிய நிறுவன அதிகாரி ஒருவரின் மகன் கடத்தப்பட்டு, சில நாட்களில் மீட்கப்பட்டிருந்தான். இந்த இரட்டை அளவுகோலைப் படம் பொட்டில் அடித்தாற்போலக் காட்டுகிறது. தீபக் டோப்ரியால் நடித்த இன்ஸ்பெக்டர், தன் சொந்த மகளுக்கே ஆபத்து வந்த பிறகுதான் அசைகிறார். கசப்பான கற்பனை, ஆனால் பொய்யில்லை.

பிறகு வாக்குமூலக் காட்சி வருகிறது. நாற்காலியில் சாய்ந்து, வெட்கமில்லாமல், ஏதோ சமையல் குறிப்புச் சொல்வதுபோல, பிரேமாக நடித்த விக்ராந்த் மாசே ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நடிப்பு அபாரம். படத்தைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் மெச்சியது இந்தக் காட்சியைத்தான். படம் சறுக்கி விழுவதும் இங்கேதான்.

ஏனென்றால் நிதாரி வழக்கில் மிகப் பலவீனமான சான்று அந்த வாக்குமூலமே. கோலி ஏறத்தாழ 60 நாட்கள் பொலிஸ் காவலில் இருந்த பிறகு, 2007 மார்ச் 1 அன்று நீதவான் முன் அது பதிவானது. அதுவரை அவருக்கு முறையான சட்ட உதவி இல்லை. தன்னைச் சித்திரவதை செய்தார்கள் என்று அவர் பின்னர் சொன்னார். வாக்குமூலத்தின்படி கொலையும் உடல்களை வெட்டியதும் அந்த வீட்டுக்குள் நடந்தவை. தடயவியல் நிபுணர்கள் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடியும், அத்தனை உடல்கள் வெட்டப்பட்ட இடத்தில் இருக்க வேண்டிய இரத்தக் கறையோ உடல் எச்சமோ கிடைக்கவில்லை. சாக்கடையில் எலும்பு இருப்பதைக் கோலி சொல்லித்தான் பொலிஸ் கண்டுபிடித்தது என்ற வாதமும் நிற்கவில்லை, ஊருக்கே அது முன்கூட்டித் தெரிந்திருந்தது. உறுப்பு வணிகக் கோணத்தை விசாரிக்கும்படி அரசுக் குழு ஒன்று கேட்டிருந்தும் புலனாய்வாளர்கள் அதைச் சரியாகத் தொடவில்லை. ஏழை வேலைக்காரனை அரக்கனாக்கி வழக்கில் மாட்டிவிடும் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று உயர் நீதிமன்றமே கண்டித்தது.

படம் செய்திருப்பதும் அந்த அரக்கனாக்கும் வேலையைத்தான். சிறுவயதில் இறைச்சி வெட்டும் மாமனிடம் சீரழிந்தவன் என்று ஒரு முன்கதையும் பிரேமுக்குக் கொடுத்திருக்கிறார்கள். குற்றத்தைப் புரிந்துகொள்ள உதவும் உளவியல் என்று இது தோன்றலாம். பாதிக்கப்பட்டவனே பின்னாளில் குற்றவாளியாகிறான் என்ற பழைய சூத்திரம் இது, குற்றத்தை மறுபடியும் ஏழையின் தலையிலேயே கட்டுகிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) நினைவுக்கு வருகிறது. அங்கே அயலூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளிகளை, செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். வாக்குமூலம் உருவாகும் இடத்தை அந்தப் படம் காட்டியது. ‘செக்டர் 36’ உருவாகி முடிந்த வாக்குமூலத்தை வாங்கி அரங்கேற்றுகிறது.

இது இந்தியர்களின் சிக்கல் மட்டுமல்ல. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். முதலில் பாடசாலை மாணவன் ஒருவனும் ஒரு குடும்பத் தலைவரும் பிடிபட்டார்கள். மரபணு பொருந்தவில்லை. அடுத்து வேறொருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று செய்தி பரவியது, நாடே பெருமூச்சு விட்டது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை! கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத இந்த நாட்டில், தூக்குமேடையைத் திறக்கச் சொல்லி அப்போது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் கிழமையில் யாராவது அவசரமாகப் படமெடுத்திருந்தால் யாரைக் கொலைகாரனாக்கியிருப்பார்கள்?

திகனயில் இருக்கிற எங்களுக்கு இது வெறும் சினிமாப் பேச்சு அல்ல. 2018இல் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சாரதி மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். சந்தேக நபர்கள் ஏற்கெனவே கைதாகியிருந்தனர், வழக்கு அதன் பாட்டில் நடந்திருக்கும். ஆனால் கைபேசிகளில் ஓடிய காணொளிகளும் பதிவுகளும் ஒரு முழுச் சமூகத்தையே கொலையாளியாக்கின. இங்கே கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, எரிந்த வீட்டில் ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6இல் அவசரகால நிலை வந்தது. வெறுப்புக் காணொளியையும் நெட்ஃபிளிக்ஸ் படத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை, நான் வைக்கவும் இல்லை. சாட்சியத்தை விடக் கதை வேகமாக ஓடும் என்பதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

படக்குழுவுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். படமெடுப்பவருக்குக் கற்பனைச் சுதந்திரம் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின் கார்பன் பிரதியாகப் படம் இருக்க வேண்டியதில்லை, தீர்ப்பை மறுத்துப் படமெடுக்கவும் உரிமை உண்டு. மறுப்பதானால் அதற்குரிய காரணமும் திரையில் இருக்க வேண்டும். ‘உண்மைச் சம்பவங்களின் தாக்கம்’ என்று சொல்லி நம்பகத்தன்மையை வாங்கிக்கொண்டு, கேள்வி வந்ததும் ‘இது கற்பனை’ என்று ஒதுங்குவது இந்த வகைப் படங்களின் வாடிக்கையாகிவிட்டது. வேறு வழி இல்லாமலும் இல்லை. ‘கார்கி’ (2022) சிறுமி மீதான வன்கொடுமையை எடுத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் மகளோடு நம்மை நிற்க வைத்தது. நம்புவதும் சந்தேகப்படுவதும் எவ்வளவு கடினம் என்பதே அங்கே கதையானது. ‘சித்தா’ (2023) அன்பான சித்தப்பா மேலேயே வீண்பழி விழுவதைக் காட்டியது. பின்பாதியில் பழிவாங்கலுக்குள் அதுவும் கொஞ்சம் வழுக்கியது என்பேன். நிதாரியைப் பற்றியே ராம் தேவினேனி எடுத்த ‘த கர்மா கில்லிங்ஸ்’ என்ற ஆவணப்படம் முன்பே வந்திருந்தது. ஆகவே வழக்கில் ஓட்டைகள் இருப்பது 2024இல் புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

படம் வந்த பிறகு நடந்தவை இன்னும் சங்கடமானவை. 2025 ஜூலை 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைகளை உறுதி செய்தது. எஞ்சியிருந்த ஒரே வழக்கில் கோலிக்கான தூக்கை 2011இல் அதே நீதிமன்றம்தான் உறுதி செய்திருந்தது. 2014 செப்டெம்பரில், தூக்கு நெருங்கிவிட்ட வேளையில், நள்ளிரவு தாண்டிப் பிறந்த உத்தரவொன்றே அதை நிறுத்தியது. 2015இல் அது ஆயுள் தண்டனையானது. 2025 நவம்பர் 11 அன்று, சீராய்வு மனுவும் தோற்ற பிறகு மிஞ்சும் கடைசி வழியான திருத்த மனுவில், அந்த வழக்கிலும் அவர் விடுதலையானார். ஏறத்தாழ 19 ஆண்டு சிறை. இவ்வளவு காலம் விசாரித்தும் உண்மைக் குற்றவாளியைச் சட்டம் ஏற்கும்படி நிறுவ முடியாமல் போனதற்கு நீதிமன்றம் வருத்தம் தெரிவித்தது.

ஆக, நிதாரிப் பிள்ளைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்று சட்டத்தில் விடை இல்லை. அந்தப் பெற்றோர் இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள். படமோ இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லி, கோப்பை மூடிவிட்டது. இனி ஒருவர் நிதாரியைத் தொடுவதென்றால், காவலில் கழிந்த அந்த 60 நாட்களிலிருந்து தொடங்கட்டும்.