நான்காவது நோயாளி

நண்பர் ஒருவர் கேட்டார்: "அக்காவுக்கு இம்யூனோதெரபி ஆரம்பிக்கப் போறாங்க. ஜாக் மரபணு உடைஞ்சிருந்தா மருந்து வேலை செய்யாதாமே, டெஸ்ட் பண்ணிடலாமா?" எங்கோ படித்திருக்கிறார். அதன் மூலம் 2016இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரை. லாஸ் ஏஞ்சலஸில் அன்டோனி ரீபாஸ் குழு செய்த வேலை. மறுபடி எடுத்துப் படித்தேன்.

பெம்ப்ரோலிசுமாப் கொடுத்து, மெலனோமா கட்டி சுருங்கி, பிறகு திரும்பி வந்த 4 பேர். சிகிச்சைக்கு முந்தைய கட்டியையும் திரும்பி வந்த கட்டியையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னா, ரெண்டு வெர்ஷனுக்கு டிஃப் போட்டாங்க. ஒருவரிடம் ஜாக்1, இன்னொருவரிடம் ஜாக்2 பழுது. மிச்சமிருந்த நல்ல பிரதியும் காணோம். டி செல் விடும் இன்டர்ஃபெரான் காமா சமிக்ஞையைக் கட்டி செல்லுக்குள் கடத்துபவை இவை. பெருகுவதை நிறுத்தச் சொல்லும் அந்தச் சமிக்ஞை உள்ளேயே போகவில்லை. மூன்றாமவரிடம் பி2எம் பழுது. அது இல்லாமல் கட்டி செல் தன் புரதத் துணுக்குகளை வெளியே காட்ட முடியாது. டி செல் பக்கத்திலேயே நின்றாலும் அடையாளம் தெரியாது.

நான்காமவரிடம் காரணம் சொல்லும்படி எந்த மரபணு மாற்றமும் கிடைக்கவில்லை. கட்டுரை இதை ஒளிக்கவில்லை. எடுத்து எழுதுபவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.

நாலில் மூணு என்றால் முக்கால்வாசி என்று கணக்குப் போடவும் கூடாது. 78 பேரில் 42 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் 15 பேருக்கு நோய் மீண்டும் முற்றியது. ஆறு மாதமாவது அடங்கியிருந்து, இரண்டு முறையும் போதிய பயாப்ஸி இருந்தவர்கள்தான் அந்த 4 பேர். 2017இல் ஆரம்பத்திலிருந்தே மருந்து கேட்காதவர்களையும் சேர்த்து அதே குழு பார்த்தபோது, 23 மெலனோமா நோயாளிகளில் ஜாக்1 பழுது இருந்தது ஒரே ஒருவரிடம்.

என் குறை முறையைப் பற்றியது. எக்ஸோம் வாசிப்பு புரதம் செய்யும் பகுதிகளை மட்டும் படிக்கிறது. எழுத்து ஒன்றுகூட மாறாமல் செல் ஒரு மரபணுவை அணைத்து வைக்க முடியும். கோடில் டிஃப் காலி, ஆனா யாரோ கான்ஃபிக்கை மாத்திட்டாங்க என்ற கதை. நான்காமவர் விஷயம் அப்படி இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

நண்பரிடம், டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க என்றேன். "சுத்தமா வந்தா மருந்து கேட்கும்தானே?" என்றார். இல்லைங்க, அந்த நாலாவது ஆளோட ரிப்போர்ட்லயும் எதுவும் வரலை என்றேன்.