முன்னோட்டத்தின் ஓசையும் முஸ்லிம் அடையாளமும்

திரைப்பட முன்னோட்டத்தைக் காட்சிக் கலையின் ஒரு கிளையாகவே நம் விமர்சகர்கள் கருதி வந்துள்ளனர். அது பெரிதும் செவியை நம்பி இயங்கும் கலை என்பதே என் கருத்து. சென்னையிலிருந்து ஆவடி வழியாகத் திருநின்றவூர், திருவள்ளூர் நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் மாலை வேளையில் பயணம் செய்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் உள்ளங்கையளவுத் திரையில் ஒரு முன்னோட்டத்தை ஓடவிட்டால், படத்தை அவர் மட்டுமே காண்கிறார்; ஓசையைப் பெட்டியிலுள்ள அனைவரும் கேட்கின்றனர்.

இரண்டரை நிமிடத்தில் கதை சொல்ல முடியாது. கதை ஒன்று காத்திருக்கிறது என்ற தவிப்பை மட்டுமே உண்டாக்க முடியும். அதற்கென ஓர் இலக்கணம் உருவாகியிருக்கிறது. தொடக்கத்தில் ஏறக்குறைய அமைதி. யாரோ ஒருவரின் தாழ்ந்த குரல். திரை கறுத்து மீளும் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றைத் தாக்கும் ஓர் அதிர்வு. பின்னர் தாளத்திற்கேற்ப வெட்டப்பட்ட காட்சிகள். உச்சத்தில் திடீர் மௌனம். அதன்பின் நாயகனின் ஒற்றை வசனம். 2010இல் வெளிவந்த ‘இன்செப்ஷன்’ படத்தின் முன்னோட்டங்களில் ஒலித்த கப்பல் சங்கு போன்ற பித்தளை முழக்கம் பிறகு உலகெங்கும் பிரதியெடுக்கப்பட்டது. தமிழ்ப் படங்களும் விலக்கன்று. இதன் ஈர்ப்பு எத்தகையது என்பதற்கு 2023 அக்டோபர் 5 ஒரு சான்று. ‘லியோ’ படத்தின் மூன்று நிமிடத்திற்கும் குறைவான முன்னோட்டத்தைக் காணக் கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் இரசிகர்கள் திரண்டனர். அவர்கள் கலைந்தபோது இருக்கைகள் உடைந்து கிடந்தன.

இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தச் சுருக்கக் குறியீடுகள் தேவைப்படுகின்றன. நம் கவலைக்குரிய இடம் இதுவே. தீவிரவாதத்தைக் களமாகக் கொண்ட பல படங்களின் முன்னோட்டங்களில் முஸ்லிம் பாத்திரம் முகத்தால் அறிமுகமாவதற்கு முன் ஓசையால் அறிமுகமாகிறது. பாலைவனத்தை நினைவூட்டும் நீண்ட ஓலம், ஊது என்னும் நரம்புக் கருவியின் மீட்டல், பாங்கொலியின் ஒரு துணுக்கு. உடனே வெடிச் சத்தம். இரண்டையும் இணைக்கும் வாதம் எதுவும் அங்கு இல்லை. அடுத்தடுத்து வைத்தலே வாதமாகிவிடுகிறது. தமிழ் முஸ்லிமின் செவி இவ்வோசைகளில் தன்னை அடையாளம் காணுமா? பள்ளிவாசலின் நகரா முழக்கம், ஃபக்கீர்களின் தஃப், நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரல் எனத் தமிழகத்திற்கே உரிய இஸ்லாமிய ஒலி மரபு ஒன்று இருக்க, இசையமைப்பாளர் அரபுப் பாலைக்குப் போய்விடுகிறார். அண்டை வீட்டுக்காரன் தொலைதேசத்து அந்நியனாக்கப்படுவது இந்த ஒலித் தேர்வில்தான்.

‘விஸ்வரூபம்’ சர்ச்சையை இந்தக் கோணத்தில் மீண்டும் நோக்கலாம். 2013 ஜனவரியில் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட அப்படம், பேச்சுவார்த்தைக்குப் பின் பிப்ரவரி 7 அன்று இங்கே வெளியாயிற்று. முஸ்லிம் அமைப்புகளுடன் ஏற்பட்ட இணக்கத்தில் சில இடங்களில் ஒலியை நீக்குவதும் அடங்கும். பிணக்கு ஓசை பற்றியதாகவும் இருந்தது என்பதை அன்று விவாதித்தவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

இதே கருவிகளை வேறு வகையிலும் கையாளலாம். 2021இல் வந்த ‘மாநாடு’ படத்தின் நாயகன் பெயர் அப்துல் காலிக். யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை அவனுக்கு ஒரு சாகச நாயகனுக்குரிய வேகத்தையே கொடுத்தது. பெயருக்கென்று தனி ஓலம் எதுவும் சேர்க்கவில்லை. பெரிய சாதனை என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் எத்தனை எளிதில் இயலக்கூடியது என்பது தெரிகிறது.

‘தி கேரளா ஸ்டோரி’யின் முன்விளம்பரம் இந்த இலக்கணத்தையே தலைகீழாக்கியது. 2022 நவம்பரில் வெளிவந்த அதில் ஆரவாரம் குறைவு. பர்தா அணிந்த ஒரு பெண் கேமராவை நேராக நோக்கி, சாட்சி சொல்பவள்போலத் தன் கதையைக் கூறி, தன்னைப்போல் 32,000 பெண்கள் என்கிறாள். முழக்கத்தைக் கேட்கும் செவி இது சினிமா என்று எச்சரிக்கை கொள்ளும். அழுகை தோய்ந்த குரலை அது செய்தியாக ஏற்றுக்கொள்ளும். புனைவு ஆவணத்தின் குரலை இரவல் வாங்கிய தந்திரம் இது. 2023 மே 5 அன்று கேரள உயர்நீதிமன்றம் படத்திற்குத் தடைவிதிக்க மறுத்தது. முன்னோட்டத்தில் ஒரு மதத்திற்கு எதிரானது எதுவும் இல்லை என்றும் கருதியது. எனினும் அந்த முன்விளம்பரத்தைச் சமூக ஊடகங்களிலிருந்து நீக்குவதாகத் தயாரிப்பாளர் அங்கே ஒப்புக்கொண்டார். மே 18இல் உச்சநீதிமன்றத்தின் முன், அவ்வெண்ணிக்கைக்கு நம்பகமான தரவு இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்க்கவும் இசைந்தனர்.

சட்டம் முன்னோட்டத்தை எப்படிப் பார்க்கிறது? ‘ஃபேன்’ படத்தின் விளம்பரப் பாடல் படத்தில் இல்லையென்று ஓர் ஆசிரியை தொடுத்த நுகர்வோர் வழக்கில், முன்னோட்டம் ஒப்பந்த வாக்குறுதி ஆகாது என 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல் விடுபடுவதற்கு இது பொருத்தமான தீர்ப்பே. ஒரு சமுதாயத்தின் மீது எண்ணிக்கையோடு சுமத்தப்படும் பழி நுகர்வோர் சட்டத்தின் அளவுகோலுக்குள் அடங்காது. அதே ஆண்டு ஜூன் மாதம் ‘ஹமாரே பாரா’ வழக்கில், சான்றிதழ் பெறுமுன் முன்னோட்டத்தை வெளியிட்டதற்காகப் பம்பாய் உயர்நீதிமன்றம் தயாரிப்பாளர்களுக்கு 5 இலட்சம் ரூபாய் விதித்தது. மாற்றங்களுடன் படம் ஜூன் 21இல் திரைக்கு வந்தது. படத்தின் வசனத்தைத் திருத்த முடிந்தது. முன்னோட்டத்தில் அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் திருத்திய படத்தைத் தேடிச் சென்று பார்த்திருப்பார்கள்?